ஆகாயத்தில் கைகூப்பக் கூடாது

1

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், மளிகைக்கடைக் காலண்டருக்கும் பல் டாக்டரின் அட்டைக்கும் நடுவில், ஒரு போட்டோ ஒட்டியிருக்கிறது. மஞ்சள் உடுப்பு, பாதி முகத்தை மூடிய கண்ணாடி, காற்றில் காது வரைக்கும் ஏறிப்போன கன்னம். ஆள் மல்லாந்து கிடக்கிறார். கால் இரண்டும் வானத்தைப் பார்க்கின்றன. கை இரண்டும் நெஞ்சுக்கு நேரே பக்தியோடு கூப்பியிருக்கின்றன. முதுகுக்குக் கீழே மேகம்.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கனடாவுக்கு வந்து பதினேழு வருஷம் நிறைந்தது. என் வீட்டுக்காரி பாக்கியம் பொங்கல் வைத்தாள். கேகாலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து புதிதாக வந்திருக்கும் ஒரு குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். தண்ணீர் எடுக்கப் போன அந்த வீட்டு மனிதர் போட்டோவைக் கண்டதும், செருப்போடு நிற்கிறோமோ என்று ஒரு தடவை காலைப் பார்த்துக்கொண்டார்.

"இது எந்தச் சாமியாருங்க?"

"சாமியார் இல்லீங்க, இவருதான்" என்றாள் பாக்கியம். "கீழ விழுந்துகிட்டு இருக்காரு."

அவர் என்னைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார். மரியாதை தெரிந்த மனிதர். "நல்லா விழுந்திருக்காருங்க" என்றார்.

வருகிறவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன். ஊரிலிருந்து வாசிக்கிறவர்கள், வெளிநாட்டுக்குப் போனவன் புத்தி கெட்டுப் போனான் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் கடைசி வரைக்கும் வாசியுங்கள். அதற்குப் பிறகு முடிவு கட்டலாம்.

2

நான் எஹலியகொடைக்கு மேலே உள்ள ஒரு றப்பர் தோட்டத்துக்காரன். எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். இங்கே தமிழ் ஆட்கள் நிறைய. முதல் தடவை பார்க்கிறவர்கள் "எந்த ஊர்?" என்று கேட்பார்கள். இரத்தினபுரிப் பக்கம் என்று சொன்னால், "அங்கையும் தமிழ் ஆக்கள் இருக்கினமோ?" என்பார்கள். இருந்தோம், ஐந்து தலைமுறையாக இருந்தோம், மரத்துக்குப் பின்னால் நின்றதால் உங்களுக்குத் தெரியவில்லை என்று சொல்ல நினைப்பேன். சிரித்துவிட்டு வந்துவிடுவேன். மெத்தை தைக்கிற ஃபேக்டரியில் வேலை. நாள் முழுக்க மெத்தைகளுக்கு நடுவில் நின்றுகொண்டே இருக்கிற வேலை.

எங்களுக்கு ஒரே மகள், நிரோஷா. ரெண்டு வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்து தலைக்கு ஏறி, இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, எங்கள் தோட்டத்து மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். "தாயே, இவளை எழுப்பிக் கொடு. அடுத்த திருவிழாவுக்கு நான் பறவைக்காவடி எடுக்கிறேன். இவள் வளர்ந்து ஆளான பிறகு, இவள் கையாலேயே உனக்கு மாவிளக்கு ஏற்ற வைக்கிறேன்."

பிள்ளை எழுந்துவிட்டாள். நானும் அடுத்த திருவிழாவுக்கு முதுகிலும் காலிலும் கொக்கி மாட்டி, டிரக்டரில் கட்டிய மரத்திலிருந்து பறவை மாதிரி வயிறு கீழே பார்க்கத் தொங்கி, தோட்டத்தைச் சுற்றி வந்தேன். என் பங்கு முடிந்தது. அவள் பங்கு அப்படியே நின்றது. அதற்குள் கனடா வந்துவிட்டது.

கனடாவைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைக்குப் பால் கொடுத்தது, படிப்புக் கொடுத்தது, பேச்சைத்தான் எடுத்துக்கொண்டது. பத்து வயதுக்குப் பிறகு நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். பதினைந்தில் அந்தப் பதிலும் தோளைக் குலுக்குவதோடு நின்றது. கோயிலுக்குக் கூப்பிட்டால் அங்கே பார்க்கிங் கிடைக்காது என்பாள். உண்மைதான், கிடைக்காது. ஆனால் அவளிடம் அப்போது கார் இல்லை.

பத்தொன்பது வயதில் யூனிவர்சிட்டியில் ஒரு கூட்டத்தோடு சேர்ந்து விமானத்திலிருந்து குதிக்கத் தொடங்கினாள். ஊரில் சண்டை நின்று, போய்வரலாம் என்றிருந்த வருஷம் அது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் நான் பேச்சை எடுத்தேன்.

"வர்ற பங்குனிக்கு நாம ஊருக்குப் போறோம். நீ மாவிளக்கு ஏத்தணும்."

"அப்பா, அது நீங்க பண்ணின ப்ராமிஸ். எனக்கு ரெண்டு வயசு. என்கிட்ட யாரும் கேக்கல."

இதற்குப் பதில் எட்டாம் வகுப்பு வரைக்கும் சொல்லித் தரவில்லை. அதற்கு மேலே சொல்லித் தந்தார்களோ என்னவோ. நான் சோற்றைப் பிசைந்தேன். அவளே பேசினாள். இரண்டு மொழியையும் கலந்து அவள் சொன்னதை நான் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

"ஒரு டீல். நீங்க என் இடத்துக்கு வாங்க, நான் உங்க இடத்துக்கு வர்றேன். எங்க கோர்ஸ்ல மூணாவது லெவல்லதான் டீச்சர்ங்க உங்களப் பிடிச்சிருக்கிற கைய விடுவாங்க. அப்ப நீங்க தனியா, வயிறு கீழ பாக்க, புரளாம விழணும். ஸ்னோ வர்றதுக்குள்ள அந்த லெவல பாஸ் பண்ணுங்க. நான் ஊருக்கு வர்றேன். சேலை, மாவிளக்கு, எல்லாம்."

"இவரு ஏணியில ஏறி பல்பு மாத்தவே என்னைப் பிடிக்கச் சொல்லுவாரு" என்றாள் பாக்கியம்.

"சரி" என்றேன். வாயில் சோறு இருந்தது. அம்மன் காரியமென்றால் யோசிக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். அப்பா சொன்ன காலத்தில் அதில் விமானம் சேர்ந்திருக்கவில்லை.

3

டொரொண்டோவிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் சோளக் காட்டுக்கு நடுவில் அந்த இடம். முதலில் ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தார்கள். நான் செத்தால் யார் மேலும் வழக்குப் போட மாட்டேன் என்று பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. மனதாரப் போட்டேன். செத்த பிறகு வக்கீலைத் தேடி அலைகிற எண்ணம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. கட்டுநாயக்காவில் விமானம் ஏறுவதற்கு எத்தனை ஒப்பீசு, எத்தனை ஐயாமாரிடம் "மாத்தயா, மாத்தயா". விமானத்திலிருந்து இறங்குவதற்கும் இந்த நாட்டில் அவ்வளவு காகிதம்.

இங்கே வந்து இறங்கிய அன்றைக்கே, குடும்பப் பெயர் எது என்று கேட்டு, என் அப்பா பெரியசாமியை முத்தையா என்ற என் பெயருக்குப் பின்னால் கட்டிவிட்டார்கள். சொல்லித் தருகிற டக் என்ற வெள்ளைக்காரர் அதையும் சுருக்கி என்னைப் "பெரி" என்று கூப்பிட்டார். முழங்கால் உயரத்தில் றப்பர்ப் பால் வெட்டியே வாழ்நாளை முடித்த மனிதர் அப்பா. அவர் பெயரைச் சொல்லித்தான் என்னை விமானத்தில் ஏற்றினார்கள்.

குதிப்பதற்கு முன்னால் தரையில் பாடம். சக்கரம் வைத்த ஒரு பலகையில் குப்புறப் படுக்க வேண்டும். இடுப்பைக் கீழே அழுத்தி, நெஞ்சைத் திறந்து, நாடியைத் தாடையோடு தூக்கி, முழங்கையை மடக்கிக் கை இரண்டையும் தலைக்கு இரண்டு பக்கமும் அகலமாக வைக்க வேண்டும். முழங்காலைக் கொஞ்சம் மடக்க வேண்டும். உடம்பு கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி இல்லாமல் நிமிர்த்தி வைத்த மாதிரி வளைய வேண்டும். அப்படி வளைந்தால் காற்று தானாகவே வயிற்றைக் கீழே பார்க்க வைத்துவிடுமாம்.

எங்கள் தோட்டத்தில் இதற்கு நேர்மாறாகத்தான் பழக்கினார்கள். காலையில் பேர் பதிகிற பிரட்டுக்களத்தில் துரைக்கு முன்னால் தலையைக் குனிந்து, தோளைச் சுருக்கி, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். டக் சொல்லித் தந்த மாதிரி நெஞ்சைத் திறந்து நாடியைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான் விழுந்திருக்கும், அரைநாள் சம்பளம்தான்.

பிறகு வாரில் மாட்டி, கூரையிலிருந்து குப்புறத் தொங்கவிட்டார்கள். அங்கே எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "இது எனக்குப் பழக்கம். நான் முதுகில் கொக்கி குத்தித் தொங்கியிருக்கிறேன்" என்றேன். டக் என் டாக்டர் சர்ட்டிபிகேட்டை இன்னொரு தடவை எடுத்து வாசித்தார்.

4

முதல் இரண்டு லெவலிலும் ஆளுக்கொரு பக்கமாக இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டே விழுந்தார்கள். கல்யாண மாப்பிள்ளையைக் கூட இப்படிப் பிடித்து நடத்த மாட்டார்கள். ஒரு குறையும் இல்லாமல் முடித்தேன். பறவைக்காவடி எடுத்தவனுக்கு இதெல்லாம் ஒரு வித்தையா என்று வீட்டில் போய்ச் சொன்னேன். பாக்கியமும் அக்கம்பக்கத்தில் சொன்னாள்.

மூன்றாவது லெவலில் கையை விட்டார்கள்.

காவடியில் தொங்குகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. டிரக்டர் கோயில் வாசலுக்கு வந்ததும், மேலே தொங்குகிறவர் அந்தரத்திலிருந்தே அம்மனுக்குக் கைகூப்புவார். கீழே நிற்கிற சனம் அரோகரா போடும். என் உடம்பு அதை மறக்கவில்லை. வயிறு கீழே பார்க்க அந்தரத்தில் கிடக்கிறோம், பயமாக இருக்கிறது, அப்படியென்றால் கைகூப்ப வேண்டும் என்று அது தானாகவே முடிவெடுத்தது. இரண்டு கையும் நெஞ்சுக்கு வந்தன. அகலமாக இருந்த கைதான் தலைப்பக்கத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. அது போனதும் தலை கீழே சாய்ந்து, உடம்பு ஒரு குட்டிக்கரணம் போட்டு, நான் மல்லாந்துவிட்டேன். வானம் தெரிந்தது. டக் பறந்து வந்து என்னைப் பிடித்துத் திருப்பினார். பக்கத்தில் கேமராவோடு விழுந்த பிள்ளைதான் அந்தப் போட்டோவை எடுத்தது.

அடுத்த சனிக்கிழமையும் அதே கை, அதே கரணம். அதற்கடுத்த தடவை, கை சேரவே கூடாது என்று உடம்பு முழுவதையும் இரும்பாக்கிக்கொண்டேன். காவடியில் அப்படித்தான் விறைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கொக்கி இழுக்கும். ஆகாயத்தில் விறைத்தவனைக் காற்று தட்டிலிருந்து விழுந்த அப்பளம் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டியது. பம்பரம் மாதிரிச் சுற்றினேன். டக் எனக்கு முன்னால் வந்து ஒரு கையை உதறிக் காட்டினார். விழும்போது காற்றின் இரைச்சலில் பேச முடியாது, எல்லாம் கைச்சாடைதான். இரண்டு விரலை நீட்டினால் காலை நீட்டு. மணிக்கட்டைத் தொட்டால் உயரத்தைப் பார். கையை உதறினால் உடம்பைத் தளர விடு. பத்தாயிரம் அடிக்கு மேலிருந்து விழுந்துகொண்டிருக்கிறவனைப் பார்த்து ரிலாக்ஸாக இரு என்று சொல்கிற நாடு இது.

கீழே வந்ததும் டக் கேட்டார். "பெரி, ஏன் கையைச் சேர்க்கிறாய்?"

"கும்பிடுகிறேன்."

"விமானத்திலேயே கும்பிட்டு முடித்துவிட்டு வரலாமே?"

"விமானத்தில் எனக்குப் பயம் வருவதில்லை."

"அப்படியா?" என்றார் டக். "எனக்கு அந்த விமானத்தில் மட்டும்தான் பயம்."

நிரோஷா பக்கத்தில் நின்று தன் பாரசூட்டை மடித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. சிரிப்பை எங்கே மடித்து வைத்தாளோ.

5

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அம்மனுக்குச் சொன்ன வாக்கை நிறைவேற்ற வேண்டுமென்றால் மகள் ஊருக்கு வர வேண்டும். மகள் வர வேண்டுமென்றால் நான் அம்மனைக் கும்பிடாமல் விழ வேண்டும். இந்த முடிச்சைப் போட்டது அம்மனா, மகளா என்று தெரியவில்லை. உயிர் போகிற இடத்தில் சாமியை விட்டுவிட்டு மகளை வாங்கிக்கொள்வதா? கேலிக்குச் சொல்லவில்லை.

கோயிலில் ஐயரிடம் கேட்டேன். "சாமி, கைகூப்பாமக் கும்பிட்டா அம்மா ஏத்துக்குவாங்களா?"

"அர்ச்சனை டிக்கெட் எடுத்தாச்சா?" என்றார்.

எடுத்தேன். அர்ச்சனை நடந்தது. கேள்வி அப்படியே நின்றது.

வீட்டில் தினமும் வேலை விட்டு வந்து வரவேற்பறைக் கம்பளத்தில் குப்புறப் படுத்துப் பழகினேன். நிரோஷா ஃபோனில் பேசிக்கொண்டே அந்தப் பக்கம் போவாள். போகிற போக்கில் இரண்டு விரலை நீட்டுவாள். நான் காலை நீட்டுவேன். கையை உதறுவாள். நான் தளருவேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் மகள் சொன்னது எனக்கும், நான் செய்தது அவளுக்கும் விளங்கியது அந்தக் கம்பளத்தில்தான்.

பாக்கியம் என்னைத் தாண்டிப் போக முடியாமல் கூடையோடு நின்றாள். "கோயில்ல உருண்டு கொடுக்கிறவங்க கூட வழி விடுவாங்க. எந்திரிங்க."

"அவ சொன்னத முடிக்கலன்னா ஊருக்கு வரமாட்டா. முடிக்கணும்னா கைகூப்பக் கூடாது. சாமியக் கும்பிடாம எப்படி விழுறது பாக்கியம்?"

அவள் கூடையைக் கீழே வைத்தாள். "நான் பால் வெட்டப் போன காலத்துல ரெண்டு கையிலயும் பால் வாளி இருக்கும். கோயிலத் தாண்டித்தான் பால் அளக்கிற ஸ்டோருக்குப் போகணும். ஒரு சொட்டு சிந்தினாலும் கங்காணி கத்துவான். கல்யாணத்துக்கு முந்தியும் பிந்தியும் எத்தனை வருஷம் அந்த வழியாப் போனேன். எந்தக் கையால கும்பிட்டேன்னு நினைக்கிறீங்க?"

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"கும்பிடாமப் போனேன்னா நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் துணி துவைக்கப் போய்விட்டாள்.

6

அக்டோபரில் கடைசிச் சனி, ஞாயிறு. அதற்குப் பிறகு பனிக்காலத்துக்காக அந்த இடத்தைப் பூட்டிவிடுவார்கள். சனிக்கிழமை மழை. எல்லாரும் கோப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஞாயிறு மத்தியானம் வானம் திறந்தது. ஒரே ஒரு தடவைதான் ஏற முடியும் என்றார்கள். நிரோஷாவும் அதே விமானத்தில் ஏறினாள். எனக்குப் பின்னால் குதிக்கிற வரிசை.

கதவைத் திறந்ததும் உலகத்துக் குளிரெல்லாம் உள்ளே வந்தது. நான் வாசலில் நின்று டக்கைப் பார்த்துத் தலையாட்டினேன். விழுந்தோம். இரண்டு பக்கமும் பிடித்திருந்தார்கள். பிறகு விட்டார்கள்.

கை நெஞ்சுக்கு வரப் பார்த்தது. இரண்டு கையிலும் வாளி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். நிறையப் பால், கங்காணி பார்த்துக்கொண்டிருக்கிறான், சிந்தக் கூடாது. வாளி பிடிக்கிற கை விறைத்தால் பால் தளும்பும். மூச்சை விட்டேன். தோள் தளர்ந்தது. காற்று ஆட்டவில்லை. "தாயே, கை சும்மா இல்லை, பார்த்துக்கொள்" என்று மனதுக்குள் சொன்னேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை. பூமி கீழே கிடந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டே விழுந்தேன். டக் எனக்கு முன்னால் மெதுவாகத் தள்ளித் தள்ளிப் போனார். உண்மையில் நான்தான் காலை அதிகமாக மடக்கிப் பின்பக்கமாக வழுக்கிக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு விரலை நீட்டினார். வீட்டுக் கம்பளம் ஞாபகம் வந்தது. காலை நீட்டினேன். நின்றேன். உயரத்தைப் பார்த்தேன், இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்தேன், பாரசூட் விரிந்தது. அரோகரா போட அங்கே ஆள் இல்லாததால் நானே போட்டுக்கொண்டேன்.

சோளத் தட்டைக்குள் குண்டி அடிபட விழுந்தேன். உயிரோடு இருந்ததால் வலித்தது.

டக் நடந்து வந்தார். "அழகாக இல்லை. ஆனால் பாஸ்."

நிரோஷாவும் இறங்கி, பாரசூட்டை அள்ளிக்கொண்டு வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். சேலை கட்டத் தயாரான முகமாக அது இல்லை. நான் பாஸ் பண்ணுவேன் என்று அவள் ஒரு நாளும் நினைத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"பங்குனின்னா எந்த மாசம்?" என்றாள்.

7

போனோம். விமானம் தரையில் இறங்கிய பிறகு வெளியே வருவது எனக்குக் கொஞ்சம் சப்பென்று இருந்தது.

தோட்டத்தில் எல்லாரும் நிரோஷாவின் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள். சேலை கட்டி நடந்ததைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து பாக்கியம் சொல்லிக் கொடுக்க, அரிசி மாவையும் வெல்லத்தையும் பிசைந்து, நடுவில் குழி வைத்து, நெய் ஊற்றித் திரி போட்டாள். பறவைக்காவடி ஒன்று வந்தது. அவள் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, "அவர் ரொம்ப ஸ்டிஃப்பா இருக்கார்ப்பா" என்றாள். "அவருக்குக் கொக்கி இருக்கு" என்றேன்.

கோயிலுக்குள் கூட்டம். தப்பு மேளச் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதும் கேட்காது. நிரோஷா எரிகிற மாவிளக்குத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அம்மனுக்கு முன்னால் நின்றாள். பூசாரி கற்பூரம் காட்டினார். எல்லாரும் தலைக்கு மேலே கை தூக்கினார்கள். அவள் மட்டும் தட்டைப் பிடித்தபடி விழித்தாள். தட்டு ஆடியது, சுடரும் ஆடியது. எதிர்வரிசையில் நின்ற என்னைத் தேடிப் பார்த்தாள். முகத்தில் கேள்வி தெரிந்தது. கும்பிட வேண்டும், கை இல்லை. இந்தத் தடவை அவளை யாரும் கும்பிடச் சொல்லவில்லை.

நான் நாடியைத் தூக்கிக் காட்டினேன். அவள் தூக்கினாள். பிறகு கையை உதறிக் காட்டினேன். அவள் மூச்சை விட்டாள். தோள் இறங்கியது, தட்டு நின்றது. அப்படியே அம்மனைப் பார்த்துக்கொண்டு நின்றாள், உதடு மட்டும் அசைந்தது.

பூசாரி என் காதுக்குள் கத்தினார். "என்ன முத்தையா, அம்மனுக்கு முன்னுக்கு நின்னு கைய உதறுற? எறும்பு கடிச்சிருச்சா?"

"இல்லீங்க. மகளோட பேசிக்கிட்டு இருக்கேன்."